டீச்சரின் நோட்டுகளோடு நான்கு நாள்

முதல் நாள் – வெள்ளி இரவு, வாணியம்பாடி

ஏலகிரி எக்ஸ்பிரஸ் வாணியம்பாடியில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதலில் பையைத் திறந்து நோட்டுகளைப் பார்த்தேன். மூன்று நோட்டுகள், நீளமான கணக்குப் பேரேட்டு நோட்டுகள், பிளாஸ்டிக் கவரில் சுற்றியவை. நனையவில்லை, மடங்கவில்லை.

இவை என்னுடையவை அல்ல. ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் என்ற ஊரில் எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் சொல்லிக்கொடுத்த டீச்சருடையவை. பொங்கலுக்குப் போயிருந்தபோது, “கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடும்மா, அவசரமில்லை” என்று சொல்லிக் கொடுத்தார். நானும் அவசரமில்லை என்றே இருந்துவிட்டேன். மாசி மாதத்தில் டீச்சர் போய்விட்டார். வயது 67. அந்த வாரம் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. எடுப்பதற்குக்கூட என்னால் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் படத்திறப்பு. அதற்குத்தான் இந்தப் பயணம். நேராகக் குப்பத்துக்கே போயிருக்கலாம். ஆனால் டீச்சர் ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போவார். அந்த வழியாகவே போய்ச் சேரவேண்டும் என்று தோன்றியது.

டீச்சரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் போடவேண்டாம் என்று அவர் தம்பி கேட்டுக்கொண்டார். எங்களுக்கும் அவர் எப்போதும் டீச்சர்தான்.

இரண்டாம் நாள் – சனி, காவலூர்

காலையில் ஆலங்காயம் பஸ். அங்கே இறங்கி, டீ குடித்து, காவலூர் போகும் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். ஜவ்வாது மலைப் பாதை ஏற ஏற வெயிலின் உறைப்பு குறைகிறது. பக்கத்து சீட்டில் ஒரு பெரியம்மா மடியில் புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறாய் என்றார். சொன்னேன். “டெலஸ்கோப்பா? பகல்ல போயி என்ன பாப்ப?” என்றார். 1985-ல் நாங்கள் முப்பது பிள்ளைகள் பஸ்ஸில் டீச்சரைக் கேட்ட அதே கேள்வி. டீச்சர் அன்று, “ராத்திரி வேலைக்குப் பகல்ல என்னென்ன தயார் பண்றாங்கன்னு பாருங்க” என்றார். நான் பெரியம்மாவிடம் அதையே சொன்னேன்.

வானியலாளர் வைணு பாப்புவின் பெயரில் இருக்கும் இந்த வானாய்வகம் காட்டுக்குள் இருக்கிறது. 1960-களின் கடைசியில் ஒரு சிறிய 38 செ.மீ. தொலைநோக்கியோடு இங்கே வேலை ஆரம்பமானது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோளுக்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திரத்தின் ஒளி சற்று சற்றே மங்கியதை உலகின் சில இடங்களில் பதிவுசெய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. காவலூரும் அந்த இடங்களில் ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். அதைப் பார்க்காமலே 1982-ல் அவர் இறந்துவிட்டார்.

டீச்சர் எங்களை அந்தப் பெரிய கோபுரத்தின் முன்னால் நிறுத்திச் சொன்ன கதை வேறு. ஜெசோரில், இப்போதைய வங்கதேசத்தில், ராதா கோபிந்த சந்திரா என்று ஒருவர் கருவூலத்தில் வேலை பார்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். 1910-ல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்தார், அதிலிருந்து வானத்தை விடவில்லை. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை இரவு இரவாகப் பார்த்து, மதிப்பிட்டு, அமெரிக்காவில் 1911-ல் ஆரம்பித்த மாறும் நட்சத்திர நோக்கர்கள் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். அந்தச் சங்கம் அவருக்கு ஒரு ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலில் அனுப்பியது. வயதாகி அவர் திருப்பிக் கொடுத்தபோது, அதை இந்தியாவிலேயே இன்னொருவருக்குக் கொடுங்கள் என்றார்கள். அது வைணு பாப்புவிடம் வந்து, கடைசியில் காவலூருக்கு வந்து சேர்ந்தது.

“இங்க இருக்கிறதுலயே ரொம்ப தூரம் நடந்து வந்த தொலைநோக்கி அதுதான்” என்பார் டீச்சர். பாப்புவும் கல்லூரி மாணவராக இருக்கும்போதே மாறும் நட்சத்திரங்களைப் பற்றி எழுதியவர் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார். சம்பளத்துக்குப் பார்க்கிறவர், ஆசைக்குப் பார்க்கிறவர் என்று அவர் பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடும் வழக்கம் உண்டு. இன்று என்னோடு ஒரு இருபது பேர். மாலை ஐந்தரைக்கு நான் தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பழைய பழக்கம். வானியலில் ஜூலியன் நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மாதம், வருஷம் எதுவும் கிடையாது, நாட்களை ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போவார்கள். அந்த நாள் நள்ளிரவில் மாறாது, கிரீன்விச் நண்பகலில் மாறும். ஐரோப்பாவில் ஒரு ராத்திரி இரண்டு தேதிகளாக உடையக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். கிரீன்விச் நண்பகல் நமக்கு மாலை ஐந்தரை. “நமக்கு இன்னும் சவுகரியம், வேலை ஆரம்பிக்கிறப்பதான் நாளே பிறக்குது” என்று டீச்சர் சொல்வார். ஐந்தரைக்கு நோட்டில் புது எண்ணை எழுதிவிட்டுத்தான் காப்பியே குடிப்பார்.

வானம் நன்றாக இருந்தது. ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டி இருந்ததால் ஏழரைக்கே கிளம்பிவிட்டேன். மேற்கே வியாழன் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் – ஞாயிறு, அமாவாசை, குப்பம்

ஜோலார்பேட்டையிலிருந்து காலை ரயில். பச்சூர் வரைக்கும் தமிழ்நாடு, மல்லானூரில் ஆந்திரா. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்தக் கோடும் தெரியாது. அதே பாறைக் குன்றுகள், அதே மாமரம், அதே தக்காளித் தோட்டம். ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். குப்பத்தில் இறங்கினால் கடைப் பலகை எல்லாம் தெலுங்கு, கடைக்குள் பேச்சு பாதிக்குப் பாதி தமிழ். பூ மார்க்கெட்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் ஓடும். என் அப்பா ரயில்வேயில் இருந்ததால் இங்கே வந்தோம். நான் தமிழ் மீடியத்தில் படித்தேன். அம்மா இங்கே கற்ற தெலுங்கில்தான் இன்றைக்கும் பேரம் பேசுவாள்.

டீச்சர் வீடு கங்குந்தி போகும் பாதையில், ஊரைத் தாண்டி. தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பியை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். போனதும் அண்ணி கேழ்வரகு சங்கட்டியும் கடைந்த கீரையும் வைத்தார். யாரும் அழவில்லை. டீச்சரின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது தையல் மிஷின் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு என்னவோ செய்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு மணிக்குப் போனோம். கோடை விடுமுறை, ஆனாலும் வராண்டா நிறைய ஆள். பழைய மாணவர்கள், இரண்டு பட்டுப்புழு வளர்ப்பவர்கள், ஒரு ரயில்வே கார்டு, கிரானைட் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். படத்தைத் திறந்து மாலை போட்டார்கள். பேசச் சொன்னால் எல்லாரும் ஹாலியில்தான் ஆரம்பித்தார்கள்.

1986. பங்குனி மாதம். விடியற்காலை நான்கு மணிக்கு டீச்சர் எங்களை இந்த மைதானத்துக்கு வரச்சொன்னார். பெண் பிள்ளைகளை அந்நேரத்துக்கு அனுப்ப வீட்டில் தயங்கினார்கள். டீச்சர் முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனார். என் அப்பாவிடம், “76 வருஷத்துக்கு ஒரு தடவை சார். அடுத்தது 2061. உங்க பொண்ணுக்கு அப்ப வயசு என்ன இருக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க” என்றார். அப்பா கணக்குப் போட்டார், அனுப்பிவிட்டார். தெற்கே, மரங்களுக்கு மேலே, ஊதிவிட்ட பஞ்சு மாதிரி ஒரு திட்டு. படத்தில் இருந்த பெரிய வாலை எதிர்பார்த்து வந்த எங்களுக்கு ஏமாற்றம். ஒரு பையன் வாயைத் திறந்து சொல்லியே விட்டான். டீச்சர் கோபப்படவில்லை. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, “எவ்வளவு தெரியுதோ அவ்வளவு மட்டும் வரை. புத்தகத்துல பாத்ததை வரையாதே” என்றார். நான் ஒரு மங்கலான வட்டம் வரைந்தேன். வால் போடவில்லை. அதில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த வருஷத்தில்தான் அவருடைய முதல் நோட்டும் ஆரம்பிக்கிறது. மொத்தம் முப்பத்தொரு நோட்டு.

கிரானைட் பட்டறைக்காரர் பேசியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு அவர் பட்டறையில் பெரிய ஃபோகஸ் விளக்கு போட்டார். டீச்சர் மாடிக்கு நேராக அடித்தது. டீச்சர் ஒரு நாள் வந்து, சண்டை எதுவும் போடாமல், அவரை மாடிக்குக் கூட்டிப்போனார். முதலில் அந்த வெளிச்சத்தோடு ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினார், எண்ணச்சொன்னார். அப்புறம் விளக்கை நிறுத்தச்சொல்லி அரைமணி நேரம் இருட்டில் உட்காரவைத்து, மறுபடி எண்ணச்சொன்னார். “எனக்கு ஏழு வந்தது ஐம்பதாச்சு. அடுத்த நாளே விளக்குக்குத் தகரத்துல மூடி செஞ்சு கீழே திருப்பிட்டேன். கரன்ட் பில்லும் குறைஞ்சது” என்றார். பேசி முடித்ததும் மைக்கைக் கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வாய்ப்பு வந்தபோது சரியாகப் பேசவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் எதையும் கண்டுபிடித்தவர் அல்ல. எந்த வால்நட்சத்திரத்துக்கும் அவர் பெயர் கிடையாது. அவர் செய்தது ஒன்றே ஒன்று. தன் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் நட்சத்திரம் ஒன்றைப் பார்ப்பார். அதைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று, இரண்டையும் வரைபடத்தில் தேடிப்பிடித்து, இவற்றுக்கு நடுவில் அது எங்கே நிற்கிறது என்று மதிப்பிடுவார். எண்ணை எழுதுவார். அவ்வளவுதான். அந்த எண்ணின் கணக்கு 1856-ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் முன்வைத்தது: எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல், ஒவ்வொரு படிக்கும் ஒளி ஏறத்தாழ 2.512 மடங்கு மாறும். போக்சன் பிறகு சென்னை வானாய்வகத்துக்கே வந்து முப்பது வருஷம் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்குப் புரியும்படி கன்னடத்திலும் உருதுவிலும் புத்தகம் போட்டார். போக்சனின் மகள் ஐசிஸ் அங்கேயே உதவியாளராகப் பல வருஷம் வேலை செய்தார். ‘இதெல்லாம் வெள்ளைக்காரங்க ஊர் விஷயம்’ என்று யாராவது சொன்னால் டீச்சருக்குப் பொறுக்காது. “சென்னையில, நுங்கம்பாக்கத்துல நடந்த வேலைம்மா இது” என்பார்.

என்னிடம் இருந்த மூன்று நோட்டுகளும் 2007-லிருந்து 2014 வரை. வடக்கே கொரோனா பொரியாலிஸ் என்று ஒரு நட்சத்திரக் கூட்டம். டீச்சர் வடமகுடம் என்பார். அரைவட்டமாக, கவிழாத கிண்ணம் மாதிரி இருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் ஆர் என்ற எழுத்து கொண்ட ஒரு நட்சத்திரம். வழக்கமாக ஆறாம் எண் அளவில் இருக்கும், சின்ன பைனாகுலரிலேயே தெரியும். எப்போதாவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தன்னைச் சுற்றித் தானே கரிப்புகையைக் கக்கி அதற்குள் மறைந்துவிடும். 1795-ல் எட்வர்ட் பிகாட் என்பவர் இதைக் கவனித்தார். 2007-ல் அப்படி மறைந்த அந்த நட்சத்திரம் பழைய நிலைக்குத் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த ஏழு வருஷமும் டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்திருக்கிறார் என்று சொல்வதே தப்பு. அது தெரியவே இல்லை. தெரிகிற கடைசி நட்சத்திரத்தின் எண்ணை எழுதி, அதற்கு முன்னால் ‘இதைவிட மங்கல்’ என்பதற்கான குறியைப் போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக அதே குறி. கூம்புக் குறி, ஒரு எண். கூம்புக் குறி, ஒரு எண். மழை நாட்களில் ‘மேகம்’. ஒரு இடத்தில் ‘ஜுரம், பார்க்கவில்லை’. ஒரு இடத்தில் ‘தம்பி மகள் கல்யாணம், 11.40க்கு ஐந்து நிமிடம்’ என்று எழுதி, அதே குறி. தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது முதல் வாரம் எனக்கு அலுப்பாக இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்று ஏழு வருஷத்தை எதற்கு ஏற்றவேண்டும்? சங்கத்துக்கு அவர் ஏற்கனவே அனுப்பியதுதானே? மூன்றாவது நோட்டின் நடுவில், குறி இல்லாமல் வெறும் எண் ஒன்று வந்தது. தெரிந்துவிட்டது. பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை, அடிக்கோடுகூட இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றேன். முந்தைய இரவு வரைக்கும் அது ‘இல்லை’ என்று அவர் எழுதி வைத்திருந்ததால்தான், இந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. அது எனக்கு விளங்கிய நாளில் டீச்சர் உயிரோடு இருந்தார். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மதியம் அண்ணா மாடி அறையைத் திறந்துவிட்டார். தொலைநோக்கி ஒரு பழைய வேட்டியால் மூடியிருந்தது. இதன் கண்ணாடியை டீச்சரே தேய்த்தார். ஒரு தகர டிரம்மின் மேல் ஒரு கண்ணாடி வட்டு, அதன்மேல் இன்னொன்று, நடுவில் கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும். தள்ளி இழுத்து, டிரம்மைச் சுற்றி ஒரு எட்டு வைத்து, மறுபடி தள்ளி இழுத்து. மேல் வட்டு மெல்லக் குழிந்துகொண்டே வரும், கீழ் வட்டு மேடாகும். பொடியை வரவர மென்மையாக மாற்றவேண்டும். பெரிய பொடியில் ஒரே ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் கீறல் விழும். அதனால் ஒவ்வொரு தடவை பொடி மாற்றும்போதும் புடவையை மாற்றி, தலைக்குக் குளித்து வருவாராம். “எங்கக்கா இதுக்குக் குளிச்ச மாதிரி கோயிலுக்குக் குளிச்சதில்லை” என்றார் அண்ணா. கடைசிச் சோதனைக்கு ஒரு சவர பிளேடு. புள்ளி ஒளி ஒன்று கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவிகிற இடத்தில் பிளேடை நகர்த்தினால், கண்ணாடியில் இருக்கும் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். அந்த பிளேடும், அதைப் பிடித்துவைத்த மரக்கட்டையும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கட்டையில் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழுவழுப்பான ஒரு பள்ளம். அதில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் அதைவிடப் பெரியது.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஒரு பெண் வந்தாள். பக்கத்துத் தெரு. கடைசி இரண்டு வருஷமாக டீச்சரோடு மாடியில் இருந்தவள் அவள்தானாம். கையில் ஒரு நோட்டு, முப்பத்திரண்டாவது. டீச்சர் ஆரம்பித்து ஒன்பது பக்கம் எழுதியது. அதற்குப்பிறகு அவள் கையெழுத்து. என்னைப் பார்த்ததும், “நீங்கதான் வால் போடாத அக்காவா?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. டீச்சர் அதை இவளுக்கும் சொல்லியிருக்கிறார்.

இரவு ஒன்பதரைக்கு மேலே ஏறினோம். சுவாதி கிழக்கே நன்றாக ஏறி ஆரஞ்சு நிறத்தில் நின்றது, சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வந்தது டி என்ற எழுத்துள்ள நட்சத்திரத்துக்காக. அதே வடமகுடத்தில், கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஆர் மறைகிற நட்சத்திரம் என்றால் இது வெடிக்கிற நட்சத்திரம். எரிந்து முடிந்து சுருங்கிய ஒரு வெண்குள்ளனும் ஊதிப் பெருத்த ஒரு சிவப்புப் பெருமீனும் 227 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியதிலிருந்து வழிகிற வாயு சிறியதன்மேல் படிந்துகொண்டே வந்து, தாங்காத அளவு சேர்ந்ததும் வெடிக்கிறது. வழக்கமாகப் பத்தாம் எண்ணில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது, சில மணி நேரத்தில் துருவ நட்சத்திரம் அளவுக்கு வந்துவிடும். 1866 மே மாதம் வெடித்தது. 1946 பிப்ரவரியில் வெடித்தது. இப்போது மறுபடி அதன் முறை. உலகம் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லெஸ்லி பெல்டியர் கதையை டீச்சர் எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் விவசாயக் குடும்பத்துப் பையன். ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் முதல் தொலைநோக்கி வாங்கினார். வாழ்நாளில் 1,32,000 பதிவுகள் எழுதினார். இந்த டி நட்சத்திரத்தை இருபத்தைந்து வருஷம் விடாமல் பார்த்தார். 1946-ல் அந்த ராத்திரி அதிகாலை அலாரம் வைத்து எழுந்தார், வானம் தெளிவாகவே இருந்தது, ஆனால் ஜலதோஷம் பிடிக்கும்போல் தொண்டை கரகரத்தது. திரும்பிப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது. இதைக் கேட்டு நாங்கள் ‘ஐயோ’ என்றோம். டீச்சர், “ஐயோ எதுக்கு? அவர் பாக்கலைன்னு அவரே எழுதி வச்சாரே, அதனாலதான் நமக்குத் தெரியுது” என்றார்.

டீச்சரும் அதைப் பார்க்காமலே போய்விட்டார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாகப் போகிறது. எண்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

அது 3,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ‘அப்படியானால் அது எப்போதோ வெடித்திருக்கும், வெளிச்சம் வழியில் வந்துகொண்டிருக்கும்’ என்று நான் முன்பு ஒருமுறை சொன்னேன். டீச்சருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. “கடிதம் வந்தாதான் படிக்க முடியும். வராத கடிதத்தைப் பத்தி என்ன பேச்சு?” என்றார்.

அரைமணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்கினோம். சிவப்பு செல்லோபேன் சுற்றிய டார்ச். அந்தப் பெண் தொலைநோக்கியை மகுடத்தின் விளிம்பில் ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் தெற்கே நகர்த்தினாள். வரைபடத்தைக்கூட ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். வரைபடத்தில் ஒப்பிடும் நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும், புள்ளி இருக்காது. 9.8 என்பதை 98 என்றுதான் அச்சிடுவார்கள், தசமப் புள்ளியை யாராவது நட்சத்திரம் என்று நினைத்துவிடக்கூடாது என்று. எனக்கு இந்த விஷயம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

“ரொம்ப நேரம் உத்துப் பாக்காதீங்கக்கா, செவப்பு நட்சத்திரம் பாக்கப் பாக்கப் பிரகாசமாத் தெரியும்” என்றாள். எனக்கு டீச்சர் சொன்னதை இவள் எனக்குச் சொன்னாள். நேராகப் பார்க்காமல் பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தேன். சிறிய, அடக்கமான ஒரு புள்ளி. நான் பார்த்து முடித்ததும் அவள் பார்த்தாள். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்தோம். டீச்சர் வீட்டுச் சட்டம் அது, வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்தவர் கண் அந்த எண்ணையே தேடும். போன தடவை என்ன எழுதினோம் என்றும் பார்க்கக்கூடாது.

பிரித்தோம். நான் 9.9. அவள் 10.1.

“சராசரி போடலாமா?” என்று கேட்டேன், சோதிக்க இல்லை, உண்மையாகவே மறந்துபோய்.

“போடக்கூடாதுக்கா. ரெண்டையும் எழுதணும். யார் எழுதினதுன்னும் எழுதணும்.”

2460793.2 என்று ஜூலியன் நாள் எண்ணைப் போட்டு, இரண்டு வரி எழுதினாள். என் பெயரின் முதலெழுத்தை டீச்சரின் நோட்டில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அடுத்து ஆர் நட்சத்திரத்தைப் பார்க்க பைனாகுலரை எடுத்தோம். அதற்குள் கிழக்கே இருந்து மெல்லிய மேகம் பரவிவிட்டது. பதினொன்றேகால் வரை காத்திருந்தோம். சுவாதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. அவள் ஆர் என்று எழுதி, எதிரே ‘மேகம்’ என்று எழுதி, நோட்டை மூடினாள். அவள் அம்மா கீழே வந்து நின்றுகொண்டிருந்தார். பைனாகுலரைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் – திங்கள் காலை

அண்ணா முப்பத்தொரு நோட்டையும் என்னிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இங்கே எலி, மழைக்காலத்தில் ஈரம், யார் பார்த்துக்கொள்வது என்றார். நியாயம்தான். ஆனால் அந்தப் பெண் இருக்கும்போது நோட்டுகளை ஊரைவிட்டு எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் இப்படி முடிவாயிற்று: மூடி உள்ள இரண்டு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்தோம். மூன்று மூன்றாக நான் எடுத்துப்போய் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவேன். இந்தத் தடவை 1986, 87, 88. சங்கத்துக்கு அனுப்ப ஆரம்பிப்பதற்கு முந்தையவை, எந்தக் கணக்கிலும் இல்லாதவை.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தலையைக்கூட வாராமல் ஓடி வந்தாள். பைனாகுலரைக் கொடுத்தாள், நோட்டையும் நீட்டினாள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்திருக்கிறது. வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்ததாம், மகுடம் ஏறத்தாழ தலைக்கு மேலே. அவள் வீட்டு மாடியிலேயே நின்று பார்த்திருக்கிறாள்.

நேற்று எழுதிய ‘மேகம்’ என்ற சொல்லை அவள் அடிக்கவில்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. தேதி மாறியிருந்தாலும் நாள் எண் அதே 2460793, புள்ளிக்குப் பின்னால் மட்டும் 4. ஆர், 5.9.

“ரயில் எத்தனை மணிக்குக்கா?” என்றாள். பத்து நாற்பதுக்கு என்றேன். ஸ்டேஷன் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.